பதிமூன்று அங்குலத் தாளும் வரிசை ஒழிப்பு அலுவலகமும்

சான் தெலெஸ்ஃபோரோவில் வரிசையை ஒழித்துவிட்டார்கள். கொசுவையும் குண்டு குழியையும் ஒழிக்க முடியாத ஊரில் வரிசை மட்டும் ஒரே உத்தரவில் ஒழிந்தது. மருத்துவ உதவி அலுவலகத்தின் முன்னால் இருபது வருஷமாக நோயாளிகள் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்த்து வைத்திருந்த பெஞ்சுகளைத் தூக்கி லாரியில் போட்டார்கள். அந்த இடத்தில் இரண்டு பூந்தொட்டி வந்தது. மேலே கவர்னர் சிரிக்கும் பதாகை ஒன்றைக் கட்டினார்கள். "இனி வரிசை இல்லை, உங்கள் வீடே எங்கள் அலுவலகம்" என்று அதில் எழுதியிருந்தது.

திட்டம் இதுதான். மாகாணத்தின் உதவி வேண்டிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிரிண்டர் இலவசம். விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பி, அந்த பிரிண்டரிலேயே அச்செடுத்து, கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தால் அங்கேயே முத்திரை குத்தித் தருவார்கள். கடையில் அச்செடுத்தது செல்லாது. கடை இருக்கும் இடத்தில் தரகர் இருப்பான், தரகர் இருக்கும் இடத்தில் லஞ்சம் இருக்கும் என்பது அலுவலகத்தின் கண்டுபிடிப்பு. வீட்டு பிரிண்டரில் வரும் தாளில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளம் விழும், அதை வைத்து உண்மையான தாளைக் கண்டுபிடித்துவிடுவோம் என்று அறிவித்தார்கள். கண்ணுக்குத் தெரியாததை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. இலவச பிரிண்டர் வாங்க வந்த இடத்தில் யார் வாயைத் திறப்பார்கள்?

நார்சிசோ மக்பனுவாவும் திறக்கவில்லை. அறுபத்திரண்டு வயது. மீன்பிடிப் படகுகளின் எஞ்சின்களைப் பிரித்து மாட்டுவது அவர் தொழில். கடல் தண்ணீர் குடித்துச் செத்த எஞ்சினைக்கூட இரண்டு நாளில் உறும வைத்துவிடுவார் என்று கரையோரம் முழுக்கப் பேர். ஒரு எஞ்சின் ஓட மறுத்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணம் எண்ணெய் பூசிக்கொண்டு எங்காவது உள்ளே உட்கார்ந்திருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடுதான் கவர்னரின் முகம் ஒட்டிய வெள்ளைப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

அவர் மனைவி பெலாஜியாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். அதற்கான உத்தரவாதக் கடிதத்தை மாகாணம் தருகிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். முத்திரை குத்திய விண்ணப்பம்தான் அந்தக் கடிதம். அது இல்லாமல் டயாலிசிஸ் மையத்தில் நாற்காலியில் உட்கார விடமாட்டார்கள். பழைய கடிதம் வருகிற திங்கள்கிழமையோடு முடிகிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் நார்சிசோ வேலையை ஆரம்பித்தார். மகள் ஹாங்காங்குக்கு வேலைக்குப் போகும்போது விட்டுப்போன மடிக்கணினியில் விண்ணப்பத்தை நிரப்பினார். பொத்தானை அமுக்கினார். பிரிண்டர் ஒருமுறை முனகியது, ஆரஞ்சு விளக்கைச் சிமிட்டியது, சும்மா இருந்துவிட்டது. "தாளின் அளவு பொருந்தவில்லை" என்றது கணினி.

அளவில் தவறு ஒன்றும் இல்லை. அந்த ஊரில் பிறந்தவர்கள் எல்லோரும் பிறப்புச் சான்றிலிருந்து இறப்புச் சான்று வரை லாங் பாண்ட் என்கிற நீளத் தாளில்தான் வாழ்கிறார்கள். எட்டரைக்குப் பதிமூன்று அங்குலம். பள்ளிக்கூடத்திலும் அதுதான், நீதிமன்றத்திலும் அதுதான். அலுவலகத்தின் அலமாரி, கோப்பு, பழுப்பு உறை எல்லாம் அந்த நீளத்துக்குச் செய்தவை. விண்ணப்பத்தின் தலையிலேயே, பதிமூன்று அங்குலத் தாளில் அச்சிடாதவை நிராகரிக்கப்படும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. மாகாணம் வாங்கிக் கொடுத்த பிரிண்டருக்கோ பதிமூன்று அங்குலம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரியாது. அதன் பட்டியலில் பதினொன்று இருந்தது, பதினொன்றே முக்கால் இருந்தது, பதினான்கு இருந்தது. பதிமூன்று இல்லை.

பதினான்கு என்று பொய் சொல்லிப் பார்த்தார். பிரிண்டர் தாளை உள்ளே இழுத்தது, ஓரங்குலம் குறைவதைக் கண்டுபிடித்தது, வெறும் தாளாகவே வெளியே துப்பியது. எழுத்தைச் சுருக்கிச் சின்னத் தாளில் எடுக்கப் பார்த்தார். அரசு விண்ணப்பத்தின் அளவை மாற்றுவது தண்டனைக்குரியது என்று கணினி மிரட்டியது. அணைத்துப் போட்டார். கம்பியைப் பிடுங்கி அறுபது எண்ணிச் செருகினார். பிரிண்டரைப் பட்டியலிலிருந்து நீக்கி, மறுபடி சேர்த்தார். கணினிக்குள் பதினேழு அச்சு வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுகொண்டிருந்தன. ஊரிலிருந்து ஒழித்த வரிசை அதற்குள் போய் உட்கார்ந்திருந்தது.

கடைசியில் பிரிண்டரின் முதுகில் 'சோதனை' என்று ஒரு பொத்தான் இருப்பதைப் பார்த்து அமுக்கினார். உடனே அது உற்சாகமாகி, தாளை லபக்கென்று இழுத்து, கடகடவென்று அச்சடித்துத் தள்ளியது. தாள் முழுக்கக் கவர்னரின் முகம், வண்ணத்தில். கீழே "வணக்கம்! உங்கள் பிரிண்டர் நலமாக இருக்கிறது" என்று வாழ்த்து.

"இன்னொரு தடவ வந்துட்டாரா உங்க ஆளு?" என்று பெலாஜியா கட்டிலில் இருந்தபடி கேட்டார். அதற்குள் அது ஆறாவது கவர்னர்.

"இவன் மூஞ்சிக்கு மட்டும் மை இருக்கு. உன் பேர அடிக்க இல்ல," என்றார் நார்சிசோ.

"பேசாம அந்த மூஞ்சியையே கொண்டுபோய் மையத்துல காட்டுங்க. எலக்‌ஷனப்போ எல்லா இடத்துலயும் அத வச்சுத்தான காரியம் நடந்துச்சு."

திங்கள்கிழமை உதவி எண்ணுக்கு அழைத்தார். கவர்னரின் தேர்தல் பாட்டு நாற்பது நிமிஷம் ஓடியது. பிறகு ஓர் இளைஞன் லைனில் வந்தான். அவன் பதினெட்டுப் படிகள் வைத்திருந்தான், ஒவ்வொரு படி முடிந்ததும் ஒரு சோதனைத் தாள் எடுக்கச் சொன்னான். பிரிண்டரை மின்சாரத்தில் செருகியிருக்கிறீர்களா என்பது முதல் படி. பிரிண்டரின் மேல் தேவையில்லாத பொருள் வைத்திருக்கிறீர்களா என்பது ஒன்பதாவது. பதினெட்டும் முடிந்தபோது மேசையில் கவர்னர் குவிந்து கிடந்தார். அவன் மகிழ்ச்சியோடு, உங்கள் பிரிண்டருக்கு ஒரு குறையும் இல்லை என்றான். குறை இல்லாவிட்டால் ஏன் அச்சடிக்கவில்லை என்று நார்சிசோ கேட்டார். அச்சடிக்காதது பிரிண்டரின் குறையாக எங்கள் பட்டியலில் இல்லை என்றான் அவன். பதிமூன்று அங்குலத்தைப் பற்றிச் சொன்னதும் பட்டியலைப் புரட்டினான். அது தாள் பிரச்சினை, தாள் பிரச்சினையை எழுத்தில்தான் புகார் செய்ய வேண்டும், புகார்ப் படிவம் இணையத்தில் இருக்கிறது, அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள் என்றான். எந்த அளவுத் தாளில் என்று நார்சிசோ கேட்டார். பதிமூன்று அங்குலம் என்று பதில் வந்தது.

அவர் போனை வைத்துவிட்டு ஒரு ஸ்பேனரைக் கையில் எடுத்தார். பிரிண்டரைப் பிரித்து உள்ளே இருக்கும் காரணத்தைப் பார்த்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பிரித்தால் உதவி ரத்து என்று அதன்மேல் சீட்டு ஒட்டியிருந்தது. ஸ்பேனரைக் கீழே வைத்தார். நாற்பது வருஷத் தொழிலில் கருவியை உபயோகிக்காமல் அவர் கீழே வைத்தது அதுதான் முதல் தடவை. அந்த அவமானம் அவரைச் சுட்டது.

செவ்வாய்க்கிழமை மையத்திலிருந்து அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அங்கிருந்த நர்ஸ் நல்ல பெண்தான், கண் கலங்கினாள். ஆனால் கடிதம் இல்லாமல் இயந்திரத்தைத் திறக்க அவளால் முடியாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக் கடைசி நாற்காலியைப் பிடித்து வைக்கிறேன், அதற்குமேல் தாமதித்தால் நெஞ்சில் நீர் கோத்துவிடும், தயவுசெய்து வந்துவிடுங்கள் என்றாள். புதன்கிழமை பெலாஜியாவின் கால் செருப்புக்குள் நுழையவில்லை. வியாழக்கிழமை படுக்க முடியாமல் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டே மூச்சு விட்டார். கேலி பேசுவது நின்றுபோயிற்று. அதுதான் நார்சிசோவைக் கலங்கடித்தது.

வெள்ளிக்கிழமை மதியம் பக்கத்து வீட்டுக்காரரின் டிரைசிக்கிளில், மோட்டார் சைக்கிளோடு பூட்டிய பெட்டிக்குள் மனைவியை உட்கார வைத்து, பிரிண்டரை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பினார்.

அலுவலகத்தின் முன்னால் பூந்தொட்டிகள் தனியாக இருந்தன. கட்டடத்தின் பின்பக்கம் சுமார் அறுபது பேர் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிரிண்டர். சிலர் அதைத் தலையில் வைத்திருந்தார்கள். ஒரு கிழவர் அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

"வரிசை எங்க முடியுது?" என்று நார்சிசோ காவலாளியிடம் கேட்டார்.

"இங்க வரிசை கிடையாதுங்க. ஒழிச்சாச்சு. இது நேர்கோட்டுக் காத்திருப்பு," என்றான் காவலாளி. சிரிக்காமல்தான் சொன்னான். தப்பாகச் சொன்னால் அவனுக்கு அபராதம்.

இரண்டு மணி நேரம் அவர் நேர்கோட்டில் காத்திருந்தார். மூன்று மணிக்குச் சிற்றுண்டி இடைவேளை. மூன்றரைக்கு ஊழியர் நலனுக்கான வெள்ளிக்கிழமை நடனப் பயிற்சி. கண்ணாடிக்குப் பின்னால் அலுவலகம் மொத்தமும் ஒலிபெருக்கிப் பாட்டுக்கு இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தது. வெளியே டிரைசிக்கிளில் பெலாஜியா வாயைத் திறந்து காற்றைத் தேடிக்கொண்டிருந்தார். நார்சிசோ இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். தன் முறை வரும்வரை அவர் பொறுக்கவில்லை. முன்னால் இருந்தவர்களிடம், என் பெஞ்சாதி மூச்சு விட முடியாம கெடக்கறா என்று சொன்னதும் அத்தனை பேரும் பிரிண்டர்களை ஒதுக்கி வழி விட்டார்கள். அலுவலகம் சொல்லிக் கொடுக்காமலேயே அவர்களுக்கு அது தெரிந்திருந்தது.

அலுவலகத் தலைவர் டாக்டர் எவரிஸ்தோ புவெனாஃப்ளோர். நோய்க்குப் பார்க்கிற டாக்டர் இல்லை, நிர்வாகத்தில் டாக்டர். வரிசை ஒழிப்பு அவருடைய மூளையில் உதித்தது. அதற்காகத் தலைநகரத்தில் ஒரு கேடயம் வாங்கியிருந்தார். நடனமாடிய வியர்வையைத் துவாலையால் ஒற்றிக்கொண்டே நார்சிசோவை வரவேற்று, பிரிண்டரைத் தன் மேசையிலேயே செருகச் சொன்னார். சோதனைப் பொத்தானைத் தானே அமுக்கினார். கவர்னர் வந்தார்.

"பாத்தீங்களா, என்ன அருமையா அடிக்குது. நீங்க ஏன் இத தூக்கிட்டு அலையறீங்க?"

"அந்த மூஞ்சிய அடிக்குது சார். விண்ணப்பத்த அடிக்கல. அது பதிமூணு அங்குலம். இதுக்குப் பதிமூணு தெரியாது."

டாக்டர் எவரிஸ்தோ நாற்காலியில் சாய்ந்தார். விளக்கம் சொல்வது அவருக்கு மிகவும் பிடித்த காரியம்.

"பெரியவரே, இத நீங்க சரியாப் புரிஞ்சுக்கணும். விண்ணப்பத்துக்கு ஒரு கமிட்டி. அது பதிமூணு அங்குலம்னு முடிவு பண்ணிச்சு. அதுக்கு நான் தலைவர். பிரிண்டர் வாங்க ஒரு கமிட்டி. அது இந்த மாடல முடிவு பண்ணிச்சு. அதுக்கும் நான்தான் தலைவர். ஒரு கமிட்டி விஷயத்த இன்னொரு கமிட்டிக்குச் சொல்லக்கூடாதுன்னு விதி இருக்கு. நானே எனக்குச் சொல்லிக்கல. நேர்மைன்னா அதுதான்."

"என் பெஞ்சாதி வெளிய கெடக்கறா சார். ஆறு மணிக்கு நாற்காலி போயிடும்."

"அதனாலதான் பெஞ்ச எடுத்தோம். நோயாளி இங்க வந்து உக்காரவே கூடாது. உக்காந்தா அது வரிசை. நாலாயிரம் பிரிண்டர் குடுத்திருக்கோம். அதுல எத்தன அடிக்குதுன்னு கேக்கறவங்க முன்னேற்றத்துக்கு எதிரானவங்க. நாங்க எத்தன குடுத்தோம்னுதான் கணக்கு எடுக்கறோம்."

கமிட்டி அடுத்த மாதம் கூடும், அதுவரை விண்ணப்பம் ஒத்திவைப்பு என்று சொல்லிவிட்டு, ஒத்திவைப்புக் கடிதத்தை அச்செடுத்து இவரிடம் கொடுக்கும்படி எழுத்தர் ஜோவெலினைப் பணித்தார். அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு அவருடைய பிரிண்டரைத் தூக்கித் தன் மேசையில் வைத்தாள். அங்கே ஏற்கெனவே இருந்த அலுவலக பிரிண்டரை ஏறிட்டும் பார்க்கவில்லை. அதிலும் கவர்னர் ஒட்டியிருந்தார். இழுப்பறையிலிருந்து ஒரு பென் டிரைவையும் மூலையிலிருந்து ஒரு குடையையும் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியே வெளியே போனாள்.

நார்சிசோ அவள் பின்னாலேயே போனார். கடிதத்துக்காகப் போகவில்லை. அந்த அறையில் இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் பிரிண்டரைத் தூக்கி டாக்டரின் தலையில் போட்டிருப்பார்.

ஜோவெலின் சாலையைத் தாண்டினாள். எதிரே ஒரு கணினிக் கடை இருந்தது. ஒரு பக்கத்துக்கு ஐந்து பெசோ என்று பலகை. கடைக்காரம்மாள் இவளைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் பென் டிரைவை வாங்கிச் செருகினாள். மூலையில் கிடந்த பழைய பெரிய இயந்திரம், மஞ்சளேறிப் போனது, கவர்னர் ஒட்டாதது, பதிமூன்று அங்குலத் தாளை வாங்கிப் பதிமூன்று அங்குலத்திலேயே அச்சடித்துக் கொடுத்தது. நார்சிசோ வாசலில் நின்று அதைப் பார்த்தார். ஒரு வாரமாக உலகத்தில் நடக்காத அதிசயமாக அது அவருக்குத் தெரிந்தது.

ஜோவெலின் திரும்பி அவரைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறியது. பிறகு என்ன நினைத்தாளோ, வெளிறியது மாறி ஒரு பிடிவாதம் வந்தது.

"ரெண்டு மாசமா ஆபீஸ் கடிதம் அத்தனையும் இங்கதான் மாமா எடுக்கறேன். எங்க பிரிண்டரும் அதே ஜாதிதான்," என்றாள். "நீங்க நிரப்புனப்பவே உங்க விண்ணப்பம் ஆபீஸ் கணினிக்கு வந்துடுச்சு. வந்ததெல்லாம் இந்தப் பென் டிரைவ்லயும் ஏத்தி வச்சிருக்கேன். எடுத்துடவா?"

"செல்லாதுன்னு சொல்வானே உங்க டாக்டர்."

"அவரு ஒரு நாளும் கண்டுபிடிச்சதில்ல. நீங்க கையெழுத்துப் போட பேனா இருந்தா எடுங்க."

நாலே முக்கால் மணிக்கு நார்சிசோ டாக்டரின் மேசை முன்னால் நின்றார். ஒத்திவைப்புக் கடிதம் ஜோவெலினின் பைக்குள் போயிருந்தது. என் மேசையில செருகினதும் பெரியவரோட பிரிண்டர் திடீர்னு வேலை செஞ்சுடுச்சு சார் என்று அவள் சொன்னாள். டாக்டர் எவரிஸ்தோ கடைத்தாளை இரண்டு கையிலும் தூக்கிச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தார். ஒரு கண்ணை மூடினார். மூலைக்கு மூலை பார்த்தார்.

"இதோ இருக்கு பாருங்க அடையாளம். என்ன தெளிவு. கடையில எடுத்தா இந்த மாதிரி வருமா?" என்றார். முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

நார்சிசோ தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே ஓடினார். மனைவியின் கையில் அதை வைத்து விரல்களை மடக்கிவிட்டார். நீங்களும் ஏறுங்க என்றார் டிரைசிக்கிள்காரர். நீ மொதல்ல இவள கொண்டுபோய் அந்த நர்ஸ்கிட்ட விடு, நான் பின்னாலேயே வரேன், அந்தப் பெட்டி உள்ள இருக்கு என்றார் இவர். பெட்டியைத் தொலைத்தால் அடுத்த தடவை உதவி கிடையாது. வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். மணி ஐந்து. ஆறுக்குள் போய்விடுவார்கள்.

உள்ளே போனபோது டாக்டர் எவரிஸ்தோ நேர்கோட்டில் காத்திருந்தவர்கள் எல்லோரையும் கூடத்துக்குள் வரவழைத்திருந்தார். மலிவாக ஒரு வெற்றி கிடைத்ததை அவர் வீணாக்க விரும்பவில்லை. நார்சிசோவின் தோளில் கை போட்டு, கூட்டத்தின் முன்னால் நிறுத்தினார்.

"இவருதான் நம்ம திட்டத்தோட சாட்சி. ஒரு வாரம் அடிக்காத பிரிண்டர். குறை சொல்லாம, பொறுமையா, நம்பிக்கையோட இருந்தாரு. இன்னிக்கு அடிச்சிருச்சு. குறை எல்லாம் உங்க மனசுலதான் இருக்கு. சொல்லுங்க பெரியவரே, எப்படி அடிச்சுது?"

நார்சிசோ அறுபது முகங்களையும் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். அவர் காரியம் முடிந்துவிட்டது. ஆனால் மூன்று மாதம் கழித்து மறுபடி இதே வெயிலில், இதே பெட்டியோடு, பெலாஜியாவின் இதே மூச்சோடு வந்து நிற்க வேண்டும். தோளில் கிடந்த கையை எடுத்து டாக்டரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அடிக்கல. என்னுதும் அடிக்கல, உங்க யாருதும் அடிக்காது. இந்த ஆபீஸ்ல இருக்கறதும் அடிக்காது. எதுத்தாப்புல கடை இருக்கு. பக்கத்துக்கு அஞ்சு பெசோ. என் தாள அங்கதான் எடுத்தேன். இந்த ஆளு அத வெளிச்சத்துல புடிச்சுப் பாத்து, வீட்டு அடையாளம் தெரியுதுன்னாரு. என் பெஞ்சாதி நாலு நாளா சாகக் கெடந்தா. ஒரு அங்குலத்துக்காக. நானே எனக்குச் சொல்லிக்கலன்னு இவரு பெருமையா சொல்றாரு."

டாக்டர் எவரிஸ்தோ அந்த முத்திரை செல்லாது, கடிதத்தைத் திருப்பிக் கொடு என்று கத்தினார். கடிதம் மையத்துக்குப் பாதி வழி போய்விட்டது என்று நார்சிசோ சொன்னார்.

முதலில் அந்தக் கிழவர் தன் பிரிண்டரை டாக்டரின் மேசைமேல் வைத்தார். ஜாக்கிரதையாக, மரியாதையாகத்தான் வைத்தார். அடுத்து ஒரு பெண் வைத்தாள். இடம் இல்லாமல் தரையில், பூந்தொட்டியைச் சுற்றி, படிக்கட்டில் என்று அறுபது கவர்னர்களையும் வைத்துவிட்டு வெறும் கையோடு சாலையைத் தாண்டினார்கள். கடை வாசலில் ஒருவர் பின்னால் ஒருவராக நின்றார்கள். கடைக்காரம்மாள் உள்ளேயிருந்து முக்காலி எடுத்துப் போட்டாள்.

டாக்டர் எவரிஸ்தோ சன்னலுக்கு ஓடினார்.

"வரிசை. பட்டப்பகல்ல, என் ஆபீசுக்கு எதிர்ல வரிசை. இது சட்டவிரோதம். உடனே தடை உத்தரவு எழுதும்மா. பதிமூணு அங்குலத்துல. பத்து காப்பி."

ஜோவெலின் உட்கார்ந்து நிதானமாகத் தட்டச்சு செய்தாள். முடித்ததும் பென் டிரைவை உருவிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு, சாலையைத் தாண்டிப் போய் அறுபத்தோராவது ஆளாக நின்றாள்.